கரடிக்கு மூணு

பயந்த சுபாவம் உள்ளவர்கள் மலை ஏற மாட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. நாங்கள் நன்றாகவே ஏறுவோம். இறங்குவதற்கு ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டே ஏறுவோம், அவ்வளவுதான்.

நான் அப்படி ஒரு காரணத்தைக் கண்டுபிடித்த கதை இது. எங்கள் வீட்டில் இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்கிறோம். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்து முடித்தபின் சமையலறைக்குப் போய் ஏதோ வேலை இருப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருப்பேன். (இல்லாத வேலையைச் செய்வதற்குச் சமையலறையைவிட நல்ல இடம் கிடையாது.)

என் கணவர் முரளிக்கு மாற்றலாகி நாங்கள் பெங்களூரிலிருந்து திருவனந்தபுரம் வந்தபோது எங்கள் மகன் கவினுக்கு ஒன்றரை வயது. கல்யாணத்துக்கு முன்னால் நான் முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு மூன்று நாள், நான்கு நாள் என்று மலைகளில் நடக்கப் போகிறவளாக இருந்தேன். நம்பாதவர்களுக்குக் காட்ட இரண்டு புகைப்படங்கள் வைத்திருக்கிறேன். ஒன்றில், அட்டை கடித்து ரத்தம் வழியும் காலைத் தூக்கிக் காட்டியபடி ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் கையில் கைபேசி இல்லை. அதைத் தேடிக்கொண்டிருப்பதாகவும் தெரியவில்லை. எனக்கு இப்போது அவளோடு அவ்வளவாகப் பழக்கமில்லை.

கவினுக்குப் பத்து மாதமானபோது காய்ச்சலோடு ஒரு முறை வலிப்பு வந்தது. இரண்டு நிமிடம்தான் இருந்திருக்கும் என்றார் டாக்டர். சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் வருவதுதான், வளர வளரப் போய்விடும், பயப்படாதீர்கள் என்றும் சொன்னார். அவர் சொன்னது சரி. ஆனால் அந்த இரண்டு நிமிடமும் அவன் கிடந்தது என் மடியில். கண் மேலே செருகி, நான் கூப்பிடக் கூப்பிட அவன் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தான். அதன்பிறகு அவன் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது என் உத்தியோகம் ஆயிற்று. வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் நான்கு இருந்தன. (ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று சாட்சி. இரண்டும் கூட்டுச் சேர்ந்து பொய் சொன்னால்? அதற்குத்தான் மற்ற இரண்டு.)

புது ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, கடைசியாக எப்போது எதற்கும் பயப்படாமல் ஒரு மணி நேரம் இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். மலையில்தான். அதுவும் முதல் நாள் அல்ல. ஒரு நாள் நடை என்றால் வீடும் கூடவே நடந்து வரும். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று கேட்டுக்கொண்டே வரும். மூன்றாம் நாள்தான் அது மூச்சு வாங்கி எங்காவது உட்கார்ந்துவிடும். எனக்கு அந்த மூன்றாம் நாள் வேண்டியிருந்தது.

தேட ஆரம்பித்தேன். முதலில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில், "பல நாள் நடைப்பயணம் போகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். மூன்றாம் மாடி அங்கிள் உடனே பதில் போட்டார். "நாங்கள் வாரத்தில் மூன்று நாள் நடக்கிறோம். திங்கள், புதன், வெள்ளி. மியூசியம் வளாகம். காலை ஆறு மணி." மனம் நோகக்கூடாதே என்று நானும் ஒரு திங்கட்கிழமை போனேன். இரண்டு சுற்று நடந்தார்கள். பிறகு அரைமணி நேரம் உட்கார்ந்து சர்க்கரை நோயைப் பற்றிப் பேசிவிட்டு, எல்லாரும் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி சாப்பிட்டார்கள்.

அடுத்து, "மூன்று நாள் காட்டுப் பயணம்" என்று விளம்பரம் செய்திருந்த ஒரு எண்ணுக்குப் பேசினேன். "எவ்வளவு தூரம் நடக்கணும்?" என்றேன். எதிர்முனையில் இருந்தவருக்கு அது அவமானமாகப் போய்விட்டது. "ஐயோ சேச்சி, நடக்கவே வேண்டா! ஜீப் வாசல் வரைக்கும் வரும்" என்றார்.

கடைசியில் நிஜமாகவே மலை ஏறுகிறவர்களின் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே எல்லாம் மலையாள எழுத்து. எனக்குக் கேட்டால் பாதி புரியும். படிக்க ஒரு எழுத்து தெரியாது. ஒன்றுமே சொல்லாமல் இருந்தால் திமிர் என்று நினைப்பார்களே என்று, வந்த செய்திக்கெல்லாம் கட்டைவிரல் உயர்த்திக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் இப்படிப் போனது. ஒருநாள் எனக்குத் தனியாக ஒரு குரல்செய்தி வந்தது. வயதான பெண் குரல், தமிழில்.

"கொழந்தே, நீ தமிழ்னு பேரைப் பாத்தா தெரியறது. கார்த்தால சேகரனோட அம்மா செத்துப்போனதுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காமிச்சிருக்காய். சேகரன் நல்லவன், ஒண்ணும் விசாரிக்கமாட்டான். சாரமில்லை. ஆனா எடுத்துடு."

அதுதான் கோமதி மாமி. அந்த 'சாரமில்லை'தான் அவர் எனக்குக் கொடுத்த முதல் வார்த்தை. பரவாயில்லை என்பதற்கு இந்த ஊரில் சொல்வது.

மாமிக்கு அப்போது அறுபத்தொரு வயது. அரசாங்க ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வலியசாலைத் தெருவில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். அவருடைய இரண்டு அண்ணன்மாரும் வாலிபத்தில் அகத்தியர்கூடம் ஏறியவர்கள். அந்தக் காலத்தில் பெண்கள் போகக் கூடாது. அண்ணன்மார் திரும்பி வரும்போது கட்டிக்கொண்டுபோன இட்லிப் பாத்திரத்தைக் கழுவி வைத்தது மாமி. பெண்களும் போகலாம் என்று ஆனபோது அவர் முழங்கால்கள் போக ஆரம்பித்திருந்தன. அப்படியும் மூன்று வருஷமாக முன்பதிவுக்கு முயன்றுகொண்டிருந்தார். பதிவு திறக்கிற அன்று கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லா இடமும் போய்விடும். 

அது மூன்று நாள் நடை. முதல் நாள் காட்டு முகாம் வரை, இரண்டாம் நாள் உச்சிக்குப் போய்த் திரும்பி முகாம், மூன்றாம் நாள் இறக்கம். நான் அம்பாசமுத்திரத்தில் பிறந்தவள். அந்த மலையின் கிழக்குப் பக்கம் எங்கள் ஊர். எங்களுக்கு அது பொதிகை. மாமி அதன் பேரைச் சொன்ன அன்றே என் வயது, ஆதார் எல்லாம் அனுப்பிவிட்டேன்.

அந்த ஜனவரியில் ஒருநாள் காலை மாமி கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"கிடைச்சுடுத்து! ரெண்டு பேருக்கு!"

"ரெண்டாவது யார் மாமி?"

"நீயாக்கும். பின்னே யார்? ஒன்னோட வயசு, ஆதார் எல்லாம் அன்னிக்கு அனுப்பினயே. அடுத்த வார ஞாயித்துக்கிழமை கிளம்பறோம். ஷூ இருக்கோ?"

சந்தோஷத்தில் கத்தினேன். போனை வைத்த அடுத்த நொடியே கவினுக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். ஏன் என்று தெரியவில்லை. எனக்கு நல்லது நடந்தால் அதற்கு யாராவது ஈடு கொடுக்க வேண்டும் என்று அந்த நாட்களில் எனக்கு ஓர் எண்ணம்.

அடுத்த பத்து நாளும் நான் நடந்து பழகியிருக்க வேண்டும். அதற்குப் பதில் நோட்டு எழுதினேன். நாற்பது பக்க நோட்டில் முப்பத்தொரு பக்கம். மூன்று நாளைக்குக் கவினை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று, அவனைப் பெற்ற தகப்பனுக்கு. இட்லியை எத்தனை துண்டாகப் பிய்ப்பது. அழுகை எத்தனை வகை, எதற்கு என்ன மருந்து. ஒன்பதாம் பக்கத்தில்: "முதலுதவிப் பெட்டி கீழ்த்தட்டில், சட்டென்று கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது." பதினான்காம் பக்கத்தில், அடிக்கோடிட்டு: "சிக்னல் கிடைக்குமோ இல்லையோ, மூன்று மணி நேரத்துக்கு ஒரு செய்தியும் ஒரு படமும் அனுப்பவும். ஒவ்வொரு செய்தியையும் 'பயப்படாதே' என்று ஆரம்பிக்கவும். இல்லாவிட்டால் உன் பெயரைத் திரையில் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நின்றுவிடும்."

முரளி படித்துப் பார்த்தார்.

"ஏட்டி, நான் ஆபீஸ்ல நாப்பது பேரை மேய்க்கேன். ஒத்தப் பிள்ளைய மூணு நாள் பாத்துக்க மாட்டனா?"

"அந்த நாப்பது பேருக்கும் வலிப்பு வந்திருக்கா?"

அவர் பேனாவை எடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கேலிக்குத்தான். நானோ அதைப் பார்த்து நிஜமாகவே நிம்மதி அடைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மலையடிவாரமான போணக்காட்டில் வனத்துறைக்காரர்கள் பைகளைச் சோதித்து எங்களைப் பத்துப் பேராகப் பிரித்தார்கள். எங்கள் பத்தில் எட்டுப் பேர் ஆண்கள். பெண்கள் நானும் மாமியும்தான். வழிகாட்டிகள் இரண்டு பேர். முன்னால் ஒருவர், கடைசியில் ராஜப்பன். காட்டை ஒட்டிய குடியிருப்பைச் சேர்ந்தவர். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. மாமியின் வேகத்துக்கு நடந்ததால் நாங்கள் இருவரும் ராஜப்பன் வசம் ஆனோம்.

மாமி சேலையில் வந்திருந்தார். பருத்திச் சேலை, கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டி, கீழே பேரனோ மருமகனோ விட்டுப்போனதுபோல் ஒரு பெரிய ஷூ. (அண்ணன் மகனுடையதாம். முன்பக்கம் செய்தித்தாள் அடைத்திருந்தார்.) இரண்டு முழங்காலிலும் பட்டை.

"டாக்டர் எப்படி மாமி சர்ட்டிபிகேட் கொடுத்தார்?"

"அக்கா பிள்ளை. ஹார்ட் கேட்டான், பிரஷர் கேட்டான். முட்டுக்காலைப் பத்திக் கேக்கலை. நான் எதுக்குச் சொல்லணும்?" சிரித்தார். கொஞ்ச தூரம் நடந்தபின் தானாகவே சொன்னார். "கும்பத்துல, உங்க ஊர் மாசில, ஆப்பரேஷன். ரெண்டு முட்டும் மாத்தறா. அதுக்கப்பறம் மாடிப்படியே யோசிச்சு ஏறுன்னுட்டார் பெரிய டாக்டர். அதனாலதான் மகரத்துலயே போயிடணும்னு இருந்தேன். பகவான் ஒரு மாசம் வச்சுக் கொடுத்திருக்கார், கேட்டயா."

ஆகவே எனக்குத் தெரியும். பின்னால் தெரியவந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. இதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு என்பதை, முதல் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே, அவர் வாயால் கேட்டுவிட்டேன்.

ஓர் ஓடையில் முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நான் எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னேன்.

"எங்க மொட்டைமாடில நின்னா இந்த மலை நல்லாத் தெரியும் மாமி. சின்ன வயசுல அப்பாகிட்ட, அங்க ஏறி நின்னா நம்ம மாடி தெரியுமான்னு கேட்டுக்கிட்டே இருப்பேன்."

"தெரியாம என்ன? நாளைக்குப் பாத்துடலாம். மாடில அடையாளத்துக்கு என்ன இருக்கும்?"

"நாளைக்குத் திங்கக்கிழமை. அம்மா போர்வை எல்லாம் தொவைச்சுக் காயப் போடுவாங்க. செவப்புப் போர்வை ஒண்ணு இருக்கு."

"மதி, அது போறும். செவப்புப் போர்வை. நேக்குக் கண்ணு நன்னாத் தெரியும். முட்டுதான் மோசம்."

ராஜப்பன் சிரித்தார். "அம்மே, அவிடெ நின்னா மேகம்தான் தெரியும்." 

"நீ சும்மா இரு. மேகம் நகராதா?"

அந்த ஓடைக்கரையில் நான் சந்தோஷமாக இருந்தேன். எழுதி வைக்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஏறத்தாழ இருபது நிமிடம்.

மதியம் காட்டுக்குள்ளிருந்து வெளியே ஒரு புல்மேட்டுக்கு வந்தோம். எங்கும் மஞ்சள் புல், நல்ல காற்று. எல்லாரும் பொட்டலத்தைப் பிரித்தார்கள். நான் கைபேசியைப் பிரித்தேன். காலையிலிருந்து செத்துக் கிடந்தது, திடீரென்று ஒரு கோடு காட்டியது. ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்தில் முரளியிடமிருந்து இரண்டு செய்திகள் வந்து விழுந்தன.

ஒன்று: "பயப்படாதே."

மற்றது ஒரு படம். முழுதாக இறங்கவில்லை. மங்கலாக, கலங்கலாக, கவினின் முகம். நெற்றியில் வெள்ளையாக ஒரு கட்டு.

அப்புறம் கோடு போய்விட்டது.

ஒவ்வொரு செய்தியையும் அந்தச் சொல்லில் ஆரம்பிக்கச் சொன்னது நான். பதினான்காம் பக்கம், அடிக்கோடு. அது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்ததெல்லாம் அந்த டாக்டரின் குரல்தான்; அவரும் அதே சொல்லைத்தான் சொன்னார். வலிப்பு வந்திருக்கிறது, விழுந்திருக்கிறான், நெற்றி கிழிந்திருக்கிறது, ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறார்கள், முரளி மறைக்கிறார். இந்த ஐந்தும் வரிசையாக வந்து நிற்க எனக்கு ஐந்து நொடிகூட ஆகவில்லை. (மலை ஏறுவதில் இந்த வேகம் இருந்திருந்தால் அன்றைக்கே உச்சிக்குப் போயிருப்பேன்.)

கைபேசியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அந்தப் புல்மேட்டில் இங்கும் அங்கும் ஓடினேன். எட்டு ஆண்களும் புளிச்சோற்றைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் கைபேசியை நீட்டினார். அதிலும் கோடு இல்லை.

"நான் கீழ போகணும்" என்றேன்.

ராஜப்பன் பொறுமையாகச் சொன்னார். "சேச்சி, ரெண்டு மணி நேரம் மேல போனா கேம்ப். அங்க வயர்லெஸ் உண்டு. கீழ விளிச்சுக் கேக்கலாம்."

யோசித்துப் பாருங்கள். இறங்குவதற்கு நான்கு மணி நேரம். ஏறினால் இரண்டு மணி நேரத்தில் பதில். கணக்கில் நான் மோசமில்லை. ஆனால் ஏறுவது என்றால் பிள்ளையை விட்டு இன்னும் தூரம் போவது. என் கால் அந்தத் திசைக்கு வரவில்லை.

"இல்ல, கீழதான். நான் தனியாப் போயிக்கிடுதேன்."

"ஒத்தைக்கு விட முடியாது. ஆனை நடக்குற வழியாணு. நான் கூட வாறேன்."

அப்போது நான் செய்ததுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு பார்வை. முன்பின் தெரியாத ஓர் ஆளோடு, நான்கு மணி நேரம், காட்டில், தனியாக. ராஜப்பனை ஒரு தடவை பார்த்தேன். அடுத்து மாமியைப் பார்த்தேன். அவ்வளவுதான். கூட வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மாட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம்.

மாமி சாப்பிட்டுக்கொண்டிருந்த பொட்டலத்தை மடித்தார். நன்றாக, நான்காக மடித்துப் பையில் வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வா. போகலாம்."

"மாமி, வேண்டாம். நீங்க போங்க."

"பேடிக்காதே. கொழந்தைக்கு ஒண்ணும் இருக்காது. வா."

'வேண்டாம்' என்று நான் ஒரு முறைதான் சொன்னேன். இரண்டாம் முறை சொன்னால் அவர் நின்றுவிடுவாரோ என்று பயந்தேன். என் பயங்களில் எல்லாம் அதுதான் அசிங்கமானது.

திரும்புவதற்குமுன் மாமி ஒரே ஒரு முறை மேலே பார்த்தார். உச்சியில் மேகம் இருந்தது. ராஜப்பன் சொன்னதுபோலவே.

ஏறுவதைவிட இறங்குவது முழங்காலுக்குக் கொடுமை என்பது எனக்குத் தெரியும். மாமி ஒவ்வொரு பெரிய கல்லிலும் பக்கவாட்டில் திரும்பி, குழந்தை கட்டிலிலிருந்து இறங்குவதுபோல் இறங்கினார். ராஜப்பன் கை கொடுத்தார். நான் முன்னால் ஓடிப்போய், காத்திருந்து, மறுபடி ஓடினேன். என்னைச் சமாதானப்படுத்த ராஜப்பன் வழியெல்லாம் தன் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நர்சிங் படிக்கிறாள், சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து தையல் போட்டவள், இப்போது அவளே அடுத்தவருக்குத் தையல் போடுகிறாள். இந்த மனிதரோடு நடக்கத்தான் நான் பயந்திருந்தேன். அவருக்கு ஒழுங்காக நன்றிகூடச் சொல்லவில்லை.

போணக்காட்டிலிருந்து ஒரு ஜீப்பைப் பிடித்து வித்துரா சந்தைக்கு வந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நேந்திரங்காய் வறுத்துக்கொண்டிருந்த ஒரு கடை வாசலில் என் கைபேசிக்கு உயிர் வந்தது. அது கையிலேயே துள்ளியது. பதினொரு செய்திகள். முரளி ஒவ்வொரு தடவையும் 'பயப்படாதே' என்றுதான் ஆரம்பித்திருந்தார்.

"பயப்படாதே." படம். "கீழ்த்தட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டான். அது பிளாஸ்டர். காயம் ஒன்றும் இல்லை. நெற்றிக்கு ஒன்று, கரடிக்கு மூன்று." படம்: காதிலும் மூக்கிலும் வயிற்றிலும் பிளாஸ்டரோடு அவனுடைய பொம்மைக் கரடி. "பயப்படாதே. இட்லி எட்டுத் துண்டு. சாப்பிட்டான்." "பயப்படாதே. எனக்கும் ஒன்று ஒட்டியிருக்கிறான்." படம்: முரளியின் மூக்கு. "பயப்படாதே. தூங்குகிறான். நெஞ்சு ஏறி இறங்குகிறது. பார்த்துவிட்டேன்."

கடை வாசல் படியில் உட்கார்ந்தேன். கைபேசியை அப்படியே மாமியிடம் நீட்டினேன்.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். எந்த அவசரமும் இல்லாமல், ஆபீஸ் கோப்பு படிக்கிற மாதிரி.

"கரடிக்கு மூணா?" என்றார்.

"மூணு மாமி."

சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கடைக்காரரும் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார். நானும் சிரித்தேன். நான் நிறுத்தியபிறகும், கடைக்காரர் நிறுத்திக் கரண்டியை எடுத்தபிறகும், மாமி மட்டும் முகத்தைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கிக்கொண்டிருந்தார்.

"மாமி, நாளைக்குக் காலைல திரும்பப் போய்க் கேட்டா விடுவாங்களா?"

"ஒரு தடவை எறங்கினா எறங்கினதுதான். சீட்டு முடிஞ்சது." மூக்கைத் துடைத்துக்கொண்டார். குனிந்து ஷூவைக் கழற்றினார். நசுங்கிப் போயிருந்த செய்தித்தாளை வெளியே எடுத்து, நீவி, மடித்தார். "சாரமில்லை. ஒரு சாயா சொல்லு. மதுரம் தூக்கலா."

அன்று எட்டு மணிக்கு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கவின் ஓடி வந்தான். என்னைக் கட்டிக்கொள்ள என்று நினைத்தேன். என் நெற்றியில் ஒரு பிளாஸ்டர் ஒட்டிவிட்டு ஓடிப்போனான். அதுதான் கடைசி ஒன்றாம்.

முரளிக்கு நான் சொன்ன பிறகுதான் எல்லாம் தெரியும். கேலி செய்ய வாயைத் திறந்தவர், மாமியும் இறங்கினார் என்றதும் மூடிக்கொண்டார். "அந்த ஒத்தச் சொல்ல நான் தனியா அனுப்பிருக்கக் கூடாது" என்றார். பாவம். அவர் மூக்கில் இன்னும் பிளாஸ்டர் இருந்தது.

கும்பத்தில் மாமிக்கு ஆப்பரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போகும்முன்பே மாமியிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது: "பயப்படாதே. கரடிக்கு ரெண்டு." அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வழக்காகிவிட்டது. முரளி பைக்கிலிருந்து விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டபோது, கரடிக்கு ஒன்று. மாமியின் இடது முழங்காலில் சீழ் வைத்து மறுபடி திறந்தபோது, கரடிக்கு இன்னும் ஒன்று. அந்தக் கால் அப்புறம் சரியாகவே இல்லை. இப்போது நடை வண்டியைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடப்பார். ஜன்னலிலிருந்து கட்டில் வரை. "முப்பது அடி. பாதி வழில ஒரு ஸ்டூல் போட்டிருக்கேன், அதுதான் கேம்ப்" என்பார்.

ஒவ்வொரு ஜனவரியிலும் பதிவு திறக்கும் நாளன்று நான் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு பெயர் போதும். ஆனால் படிவத்தில் பெயருக்கான இரண்டு கட்டமும் காலியாக என்னைப் பார்க்கும். அதற்குள் இடம் தீர்ந்துவிடும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு வலியசாலைக்குப் போகிறோம். கவினுக்கு இப்போது ஐந்து வயது. போனதும் அவனுக்கு இந்தக் கதை வேண்டும். என்னைவிட, முரளியைவிட, மாமிதான் இதை நன்றாகச் சொல்வார். எட்டு ஆண்கள் புளிச்சோறும் கையுமாக நிற்பதை நடித்துக் காட்டுவார். நான் கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை, உட்கார்ந்த இடத்திலிருந்தே, இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டுவார். கவின் தரையில் புரண்டு சிரிப்பான்.

பல முறை கேட்டபிறகுதான் நான் கவனித்தேன். மாமி சொல்லும் கதையில் மலையிலிருந்து இறங்குவது நான் மட்டும்தான். நானும் ராஜப்பனும். வித்துராக் கடை வாசலில் வேறு யாரும் கிடையாது.

போன மாதம் கவினும் அதைக் கண்டுபிடித்துவிட்டான். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபிறகு அவனுக்குப் பாதி மலையாளம்.

"அம்மா எறங்கி வந்துட்டாங்க. அப்போ மாமி எவிடெ?"

முரளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நானா?" என்றார் மாமி. "நான் மேலே போனேன்."

"உச்சி வரைக்கா?"

"பின்னே? உச்சி வரைக்கும்."

"அவிடெ என்ன உண்டு?"

"காத்து. நின்னா புடவை பறக்கறது. மேகம் இருந்தது, ராஜப்பன் சொன்னா மாதிரி. ஆனா நகர்ந்துடுத்து." மாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நகர்ந்ததும் அந்தப் பக்கம் உங்க அம்மாவோட ஊர் தெரிஞ்சுது. மொட்டைமாடி. செவப்புப் போர்வை காயறது. பக்கத்துல உங்க ஆச்சி நிக்கறா. நான் கையை ஆட்டினேன்."

"ஆச்சி திரும்ப ஆட்டினாங்களா?"

"ஆட்டாம?"

வீட்டுக்கு வந்ததும் கவின் செய்த முதல் வேலை, அம்பாசமுத்திரத்துக்கு போன் போட்டுக் கேட்டது. நான் தடுப்பதற்குள் கேட்டுவிட்டான். ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"ஆச்சி, மாமி மலை உச்சில நின்னு உங்களுக்குக் கை காட்டினாங்களாம். நீங்க திரும்பக் காட்டினீங்களா?"

என் அம்மாவுக்கு முழுக்கதையும் தெரியும். அன்றைக்கே அழுதுகொண்டே சொல்லியிருக்கிறேன். போனில் அவள் வீட்டு மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"ஆமாய்யா" என்றாள் அம்மா. "போர்வை காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். மேல யாரோ நிக்காகளேன்னு பாத்தேன். ரெண்டு கையையும் காட்டினேன்."

சமையலறையில் எனக்குக் கொஞ்சம் வேலை இருந்தது.